சந்தனம் பூசிய கன்வர்ட்டர்

லாரி ஓடுவது இருபத்துநாலு வோல்ட்டில். லாரிக்குள் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு வேண்டியதெல்லாம் ஓடுவது பன்னிரண்டு வோல்ட்டில். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில்.

ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு (என்னைப் போல் சகோதரிகள் யாராவது இருந்தால் அவர்களுக்கும்) இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய லாரியில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட். இரண்டையும் கோத்து இருபத்துநாலாக்கித்தான் வண்டியை ஓட்டுகிறார்கள். ஆனால் டிரைவர் ஆசையாக வாங்கி வருகிற பாட்டுப் பெட்டி, குட்டி ஃபேன், கேமரா எல்லாம் காருக்கென்று செய்தவை. பன்னிரண்டுக்கு மேல் தாங்காது. நேராகக் கொடுத்தால் புகைதான் வரும். அதனால் நடுவில் ஒரு அலுமினிய டப்பா வைத்து இருபத்துநாலைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்கிறோம். அதற்குப் பெயர் கன்வர்ட்டர்.

எங்கள் கடை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருக்கிறது. சிமெண்ட் லாரி போகாத நேரம் கிடையாது. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு தூசி. லாரிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலையை என் வீட்டுக்காரர் குமார் பார்த்துக்கொள்வார். நான் டிப்ளமோ படித்தவள் என்பதால் மேசை வேலை என்னுடையது. வாய் வேலையும் என்னுடையதுதான்.

மூத்த மருமகள்

கன்வர்ட்டர் எதற்கு, இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்தால் பன்னிரண்டு கிடைக்காதா என்று கேட்கிற புத்திசாலிகள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. கிடைக்கும். கொஞ்ச நாளைக்கு நன்றாகவே பாடும். அப்புறம் அந்த ஒரு பேட்டரி மட்டும் வற்றிப்போய்ச் செத்துவிடும், இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். அப்படி ஒரு டிப்பர் டிரைவர், சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர், செத்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பேட்டரி கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரே சத்தம்.

நான் பொறுமையாகச் சொன்னேன்: "வீட்டுல ரெண்டு மருமக இருக்காங்க. சமையல் ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறாங்க. ஆனா தண்ணி தூக்குறது, துணி துவைக்கிறது, மாடு கட்டுறது எல்லாம் மூத்தவ மட்டுந்தான்னா அவ என்ன ஆவா? படுத்துடுவா. அதான் உங்க பேட்டரி." அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முகம் இளகிவிட்டது. செத்த பேட்டரியை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார். ஆகா, நமக்கும் பாடம் நடத்த வருகிறதே என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டே கன்வர்ட்டரை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப ஒரு வாரம் மூத்தவ மேல, ஒரு வாரம் எளையவ மேலன்னு மாத்தி மாத்திக் கட்டி வுட்டுடுங்கக்கா, சரியாப் போயிடும்."

தாராளமான அளவு

ஆண்டிமடம் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர், சரக்கு லாரி வைத்திருப்பவர், கன்வர்ட்டர் வாங்கிப் போன மறுநாளே திரும்பி வந்தார். கையில் புதிதாக ஒரு மீட்டர். டப்பாவில் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் பதிமூன்று சொச்சம் காட்டுகிறது, இது கோளாறு, மாற்றிக் கொடு என்றார். கார் ஓடும்போது கார் பேட்டரியிலும் அவ்வளவுதான் இருக்கும், அந்தச் சாமான்களுக்கு அதுதான் பழக்கம், அதனால் கன்வர்ட்டரையும் அப்படியே செய்கிறார்கள் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. எங்கள் கடை மீட்டரில் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் அரை மனதாகக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி ஒரு வார்த்தை சொன்னார், எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதம்மா, இத்தனை வருச யாவாரத்துல கேட்டதுக்கு மேல அளந்து குடுத்தவன ஒருத்தனக்கூடப் பாத்ததில்ல, அதான் பயந்துட்டேன்."

பரோட்டா ராசு

இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் ராசுவைப் பற்றித்தான். ராசு பல்கர் ஓட்டுகிறவர். சிமெண்டை மூட்டை கட்டாமல் தூளாகவே ஏற்றிப் போகிற உருண்டை டேங்கர் லாரிக்குப் பெயர் பல்கர். அரியலூரில் ஏற்றிக்கொண்டு கேரளா வரை போய் வருவார். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் கடைக்கு வருகிற எல்லா டிரைவர்களையும் போல என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் கன்வர்ட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று வந்தார். நான் கேபினில் ஏறிப் பார்த்தேன். கன்வர்ட்டர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூடு வெளியே போகத்தான் டப்பாவின் மேல் பக்கம் வரிவரியாகத் தகடு வைத்திருக்கிறார்கள். காற்று பட்டால் சூடு இறங்கும். காற்று படாவிட்டால் உள்ளே கொதித்து, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ராசுவின் கன்வர்ட்டர் தகட்டின் மேல் வாழை இலையில் சுற்றிய பொட்டலம் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பிரித்தால் பரோட்டா. பக்கத்தில் சால்னா பாக்கெட். நான் முறைத்த முறைப்பில் அவர் ஒரு படி கீழே இறங்கிவிட்டார். ஆனால் குரலில் கொஞ்சமும் குற்ற உணர்ச்சி இல்லை.

"பெரம்பலூர்ல கட்டுனா வாளையார் தாண்டியும் ஆவி பறக்குதுக்கா, இப்படி ஒரு சாமான நீங்க பாட்டு கேக்க மட்டும் விக்கிறீங்களே."

ஈரத் துண்டு

அந்த ராசு அப்புறம் கொஞ்ச காலம் கடைப்பக்கம் வரவில்லை. வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. டீ வாங்கிக் கொடுத்தேன், சர்க்கரை வேண்டாம் என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் இரண்டு பக்கமும் இந்த வியாதி உண்டு.

மாத்திரைக்கு அடங்கவில்லை, ஊசிக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். ஊசி போட அவருக்குப் பயமில்லை. வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஊசி போட்டால் வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம். கஷ்டம் மருந்தில்தான். அது குளிர்ச்சியில் இருக்க வேண்டிய மருந்து. வெயில் காலத்தில் பல்கர் கேபினுக்குள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஸ்டீயரிங்கைத் துணி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அவர் மருந்து பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஈரத் துண்டில் சுற்றி, தண்ணீர் கேனோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். அதைப் பிரித்துக் காட்டும்போது பச்சைக் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டார். போன தடவை கேரளா போய் வருவதற்குள் மருந்து கெட்டுப்போய், ஊசி போட்டும் பிடிக்காமல், வழியிலேயே தலை சுற்றி வண்டியை ஓரம் கட்டிப் படுத்துவிட்டாராம்.

"மொதலாளிகிட்ட சொல்லி உள்ளூர் லோடு கேக்கலாமே" என்றேன். அவர் முதலாளி அரியலூர்க்காரர், பெயர் கோவிந்தசாமி, சொந்தமாகச் சில வண்டிகள் ஓட்டுகிறவர். ராசு தலையை ஆட்டினார். அந்த முதலாளியிடம் முன்பு வேலை பார்த்த ஒரு டிரைவர் ஸ்டீயரிங்கிலேயே மயங்கி வண்டி வாய்க்காலில் இறங்கியது எங்கள் சாலை முழுக்கத் தெரிந்த கதைதான். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து உடம்பு சரியில்லை என்று சொல்கிற டிரைவரை அவர் மறுபடி வண்டியில் ஏற்றுவதில்லை. ராசுவுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தண்ணீர் கேனை மறுபடி கட்டிக்கொண்டே சொன்னார்.

"ஊசின்னு காதுல வுழுந்தாப் போதும்க்கா, அன்னிக்கே சாவிய வாங்கிட்டு என்னைய ஷெட்டு கேட்டுல காவலுக்கு ஒக்கார வெச்சிடுவாரு, கேட்ட தொறந்து வுட்டுக்கிட்டு எம் வண்டி போறத நான் எப்படிக்கா பாப்பேன்?"

ஜமால் பாய் வீட்டு முக்காலி

காருக்குள் வைக்கிற சின்ன ஐஸ் பெட்டி ஒன்று உண்டு. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும், மருந்து வைக்கத் தாராளமாகப் போதும். அது எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். லப்பைக்குடிக்காடு ஜமால் பாய் வளைகுடாவில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். வரும்போது இந்தப் பெட்டிகள் இரண்டைக் கொண்டுவந்தார். முதல் பெட்டியைத் தம்பியின் லாரியில் தானே வயர் இழுத்து மாட்டினார். நேராக இருபத்துநாலில். "அங்க பதினஞ்சு வருசம் ஓடுச்சும்மா, இங்க வந்து ஒரு நிமிசம் ஓடலியே, நம்ம ஊர் கரண்டு சரியில்ல" என்று என்னிடம்தான் வந்து புலம்பினார். அங்கே அவர் ஓட்டியது பன்னிரண்டு வோல்ட் பிக்கப் என்பதைப் புரிய வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

ராசு போனதும் பாய்க்குப் போன் போட்டேன். சலாம் சொல்லி, வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டு, அந்த இரண்டாவது பெட்டியைப் பற்றி மெதுவாக எடுத்தேன். எதற்கு என்று கேட்டார். ஒரு டிரைவருக்குச் சர்க்கரை மருந்து வைக்க என்றேன். மறுமுனையில் பெட்டியை யாரோ இழுக்கிற சத்தமும், அதன் மேலிருந்த சாமான்கள் தரையில் உருள்கிற சத்தமும், அவர் மனைவி ஏதோ கத்துகிற சத்தமும் கேட்டது. பாய் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி லைனுக்கு வந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், எங்க வூட்ல அது அரிசி மூட்ட வெக்கிற முக்காலியாக் கெடந்துச்சும்மா, இனிமேலாவது அதுக்கு ஒரு மரியாத கெடைக்கட்டும், ஆள அனுப்பு."

திருட்டு வேலை

பெட்டி வந்துவிட்டது. அதை மாட்டுவதில்தான் சிக்கல். கோவிந்தசாமி வண்டிகளில் வேறு வயர் எதுவும் இழுக்கக் கூடாது. யாரோ ஒருவர் சீரியல் லைட்டுக்கு இழுத்த ஓட்டை வயர் ஒருமுறை உருகி, கேபின் சீட் எரிந்துபோனதிலிருந்து அவர் வைத்த சட்டம் அது. ராசுவின் பழைய கன்வர்ட்டர்கூட அப்போது கழற்றப்பட்டுவிட்டது. இப்போது நான் அவருக்குத் தெரியாமல் மறுபடி ஒன்றை மாட்ட வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் கூடாது என்றுவிட்டார். "ஓனருக்குத் தெரியாம அவர் வண்டியில கை வெக்கிறது தப்பு. நாளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் அந்த ஈரத் துண்டு கண்ணை விட்டுப் போகவில்லை. மருந்து கெட்டால் ராசு மறுபடி சாலையில் மயங்குவார், அப்போது மட்டும் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு பொழுது ஓட்டினோம்.

கடைசியில் நானே ஏறி உட்கார்ந்து செய்தேன். இருக்கிறதிலேயே நல்ல கன்வர்ட்டர். டப்பாவின் மேல் பெரிதாகப் போட்டிருக்கிற ஆம்பியர் கணக்கை நம்பாமல், பெட்டி இழுக்கிற கரண்டைப் போல இரண்டு மடங்கு தாங்குகிறதாகப் பார்த்து எடுத்தேன். பேட்டரியிலிருந்து வயர் கிளம்புகிற இடத்திலேயே ஃபியூஸ். தடித்த வயர், அதன் மேல் குழாய், உரசுகிற இடத்தில் ரப்பர். சீட்டுக்கு அடியில் மறைக்காமல், படுக்கைக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்தில் கன்வர்ட்டரை நிறுத்தினேன். பெட்டிக்குள் விரலை வைத்துக் குளிர்ச்சி வருகிறதா என்று ராசு பார்த்துக்கொண்டே இருந்தார். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கீழே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"திருட்டு வேலைய இவ்வளவு ஒழுங்கா செய்யறவள நான் இப்பத்தாண்டி பாக்கறேன்."

இரண்டு எலுமிச்சம்பழம்

பெட்டி நன்றாக ஓடியது. ராசு தேறினார். சட்டை மறுபடி தோளில் நின்றது. அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது.

லாரி ஷெட்டில் ஆயுத பூசை என்றால் எங்கள் மாதிரி மெக்கானிக், எலக்ட்ரீஷியன் குடும்பங்களுக்கும் அழைப்பு உண்டு. பொரி, கடலை, சுண்டல், புது வேட்டி, சேலை. கோவிந்தசாமிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வண்டிக்கும் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். முன் கண்ணாடிக்கு மட்டும் வைத்துவிட்டு நகர்கிறவர் இல்லை. டயர், பேட்டரி, ஸ்டீயரிங், ஜாக்கி, ஸ்பேனர் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிற ஸ்பேனர் வரைக்கும் வைப்பார். இந்தப் பழக்கத்தை நாங்கள் மூன்று பேரும் மறந்து தொலைத்திருந்தோம்.

அவர் சந்தனக் கிண்ணத்தோடு ராசுவின் கேபினில் ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது. ராசுவைப் பார்த்தேன், அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கீழே நின்ற எனக்குத் திறந்த கதவு வழியாகக் கேபினுக்குள் எல்லாம் தெரிந்தது. முதலாளி ஸ்டீயரிங்குக்கு வைத்தார், கியர் கம்பிக்கு வைத்தார். பின்னால் திரும்பினார். டூல்ஸ் பெட்டி என்று நினைத்து ஐஸ் பெட்டியைத் திறந்தார். அப்படியே நின்றார். உள்ளே மருந்தும் ஊசியும் ராசுவின் பெயர் எழுதிய ஆஸ்பத்திரி கவரும் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். மேளம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் பெட்டியை மெதுவாக மூடினார். மூன்று விரலில் சந்தனம் எடுத்து மூடியின் மேல் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். பக்கத்தில் இருந்த கன்வர்ட்டரையும் விடவில்லை, வரிவரியான தகடு முழுக்க அப்பி எடுத்துவிட்டார். இறங்கி வந்தவர் ராசுவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னார்.

"இந்த வண்டிக்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரெண்டு ரெண்டா வைய்யிப்பா."

வாளையாரிலிருந்து ஒரு போன்

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குள் பெரிய விவாதம். வழியனுப்பி வைக்கிற பூசை என்றார் என் வீட்டுக்காரர். லோடு முடிந்து திரும்பியதும் சாவியைக் கேட்பார் என்பது அவர் கணக்கு. ராசுவோ அது அனுமதி என்று பிடிவாதமாக நம்பினார். கூடாது என்றால் பெட்டிக்கு எதற்குப் பொட்டு வைக்கிறார் என்று கேட்டார். அப்படி நம்பிக்கொண்டே கேரளா லோடு ஏற்றிப் போய்விட்டார்.

கேரள எல்லையில் வாளையார் பக்கத்திலிருந்து மதிய வெயிலில் போன். பெட்டி குளிரவில்லை, கன்வர்ட்டர் தொட முடியாத சூடு, நின்று நின்று வருகிறது. மருந்தை அங்கே ஒரு மருந்துக்கடை ஃப்ரிட்ஜில் கெஞ்சிக் கேட்டு வைத்துவிட்டேன் என்றார். கன்வர்ட்டர் தகட்டில் சந்தனம் காய்ந்து அடைத்திருக்குமே என்றேன். அது மட்டும் இல்லை. படுக்கைத் துணி உரசி முதலாளி வைத்த சந்தனம் உதிர்ந்துவிடக் கூடாது என்று, கன்வர்ட்டர் முழுவதையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுற்றி, நூலால் கட்டியும் வைத்திருந்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையில் நின்ற இரண்டு கஸ்டமர் வெளியே போய் நின்றார்கள்.

கவரைக் கிழி, ஆற விடு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டு என்றேன். கவரைக் கிழித்தார். சுரண்ட மட்டும் மாட்டேன் என்றார். முதலாளி கையால் வைத்தது, அந்தப் பொட்டை நம்பித்தான் வண்டியில் ஏறினேன், அதை நானே அழித்தால் அவர் கொடுத்ததை நானே வேண்டாம் என்றதுபோல ஆகாதா என்று கேட்டார். எனக்கு அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. ஒரு மனிதன் தன் வேலையே அந்தச் சந்தனத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போது பிரஷ் எடு என்று எப்படிச் சொல்வது? "பெட்டி மேல இருக்கிற பொட்டு அப்படியே இருக்கட்டும் ராசு, அத யாரும் தொட வேணாம். கன்வர்ட்டர்ல இருக்கிறத மட்டும் எடுங்க. மொதலாளி நீங்க நல்லா இருக்கணும்னுதான வெச்சாரு?" என்றேன். லாரிகள் போகிற இரைச்சலோடு போன் கட்டானது. நான் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சும்மா திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"குளுர ஆரம்பிச்சுடுச்சுக்கா, சந்தனத்த சுரண்டிட்டேன், ஆனா கீழ கொட்டல, பொட்டணம் கட்டி சட்டப் பையில வெச்சிருக்கேன்."

சாவி

ராசு திரும்பி வந்ததும் வண்டி எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே கோவிந்தசாமியின் காரும் வந்து நின்றது. இறங்கியவர் நேராக ராசுவிடம் கையை நீட்டினார். ராசு சாவியைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கையில் இருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் சொன்னபோது கேட்டாயா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது, ஆனால் நகராமல் என் பக்கத்தில்தான் நின்றார்.

முதலாளி கேபினில் ஏறி, சாவியைப் போட்டு, வயர் போகிற வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போனார். கீழே இறங்கி பேட்டரி மூடியைத் திறந்து ஃபியூஸைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். "எம் வண்டியில எங்கிட்ட கேக்காம கை வெச்சிருக்க. அது எனக்குக் கோவந்தான்" என்றார். சரிங்க என்றேன். அப்புறம் ராசுவிடம் திரும்பினார். "உன் டாக்டரப் போயிப் பாத்தேன். வேளைக்குச் சாப்புட்டு ஊசி போட்டா ஓட்டலாம்னாரு. ராத்திரி லோடு கெடையாது. கை நடுங்குனா லோடு எக்கேடும் கெட்டுப் போவட்டும், வண்டிய ஓரங்கட்டு. முட்டாய் டப்பா ஒண்ணு எப்பவும் கையெட்டுற எடத்துல இருக்கணும். ஏன்டா, வாய்க்கால்ல எறங்குனானே, அவனும் எங்கிட்ட ஒளிச்சான், நீயும் ஒளிச்சியேடா. கேட்டா நான் என்ன கொன்னா போட்டுடுவேன்?" உடம்பு சரியில்லாதவர்களை அவர் இறக்கிவிட்டது கல்நெஞ்சத்தால் இல்லை, பயத்தால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ராசு தலையைக் குனிந்துகொண்டே நின்றார். சாவி இன்னும் முதலாளி கையில்தான் இருந்தது.

நிலைமையைக் கொஞ்சம் இளக்கலாம் என்று, எனக்கும் வாய் சும்மா இருக்காதே, வாளையாரில் நடந்ததைச் சொன்னேன். உங்கள் சந்தனத்தால் மருந்தே கெட்டுப்போயிருக்கும், இனிமேல் அந்தத் தகட்டில் பூசாதீர்கள் என்று முதலாளிக்கே பாடம் எடுத்தேன். என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார், நான் நிறுத்தவில்லை. கோவிந்தசாமி முதலில் முறைத்தார். ராசு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதைக் கவனித்தார். அப்புறம் சாவியை ராசுவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடினார். பேசியது மட்டும் என்னிடம்.

"சரிம்மா, அடுத்த வருசம் இவன் பொட்டிக்கு மட்டும் வெக்கிறேன், கன்வர்ட்டர் டப்பாவ வுட்டுடறேன்."

ஆகவே சக கடைக்காரர்களே, ஆயுத பூசை நெருங்குகிற நாட்களில் கன்வர்ட்டர் வாங்க யார் வந்தாலும், பொட்டு வைக்க லாரியில் எவ்வளவோ இடம் இருக்கிறது, சூடு போகிற தகட்டை மட்டும் காற்றுக்கே விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.